பழைய டிவிடியும் புது டிவியும்: எந்தப் பிளேயரை வாங்குவது?

(நம் சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாத உறுப்பினர்களுக்காக வெளியிடுகிறோம்.)



தண்ணீர் லாரி, லிஃப்ட் ரிப்பேர், பார்க்கிங் என்று மூன்று சூடான விஷயங்களைப் பேசி முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் பேசப்போவதில் சண்டைக்கு இடமில்லை. டிவிடி பிளேயரைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

கடைசி வரிசையில் ஒரு தம்பி சிரிக்கிறார். "இந்தக் காலத்தில் யார் சார் டிவிடி பார்க்கிறார்கள்?" என்பதுதான் அந்தச் சிரிப்பு. நியாயம்தான். படம் பார்க்க இன்றைக்கு டிவிடி தேவையில்லை. ஆனால் உங்கள் வீட்டு பீரோவின் மேல் தட்டைத் திறந்து பாருங்கள். பட்டுப்புடவைக்குக் கீழே ஒரு கல்யாண ஆல்பம் இருக்கும். அதன் உள்பக்க அட்டையில் இரண்டு டிஸ்க் இருக்கும். 2000-க்கும் 2012-க்கும் நடுவில் உங்கள் வீட்டில் கல்யாணமோ, காது குத்தோ, கிரகப்பிரவேசமோ, புதுநன்மையோ நடந்திருந்தால் அது அநேகமாக அந்த டிஸ்க்கில்தான் இருக்கிறது. வேறு எங்கேயும் இருக்காது.

இதை நான் இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் உண்டு. அந்த டிஸ்க்குகளில் சில நான் போட்டவை. கல்மண்டபத்திலும் காசிமேட்டிலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் இருபது வருடத்துக்கு மேல் கல்யாண வீடியோ எடுத்தவன் நான். கோயில் கல்யாணம், இராயப்பர் கோயிலில் மோதிரம் மாற்றுவது, நிக்காஹ் என எல்லா வீட்டு விசேஷத்துக்கும் தோளில் கேமராவோடு போயிருக்கிறேன். அதனால் இன்று கொஞ்சம் தொழில் ரகசியமும், கொஞ்சம் குற்ற ஒப்புதலும் சேர்ந்து வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பிளாக்கில் நடந்தது

எங்கள் பிளாக்கில் ஒரு அம்மா இருக்கிறார். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் கணவர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர், இரண்டு வருடம் முன்பு காலமாகிவிட்டார். மகள் வெளிநாட்டில் இருக்கிறார். போன பொங்கலுக்கு மருமகன் 55 அங்குல 4கே டிவி வாங்கிக் கொடுத்தார். அந்த அம்மா அந்தப் பெரிய டிவியில் முதலில் பார்க்க ஆசைப்பட்டது மகளுடைய கல்யாண டிவிடியை. 2007-ல் நடந்த கல்யாணம் அது. வீடியோ எடுத்தது நான்தான்.

பழைய பிளேயரின் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரைச் செருக புது டிவியில் ஓட்டையே இல்லை. தீப்பெட்டி அளவில் ஒரு கன்வெர்ட்டர் வாங்கி மாட்டினார்கள். படம் வந்தது, ஆனால் எல்லோர் முகமும் ஊதிப்போய், மூடுபனியில் கல்யாணம் நடந்த மாதிரி இருந்தது. கடைக்குப் போனார்கள். "அப்ஸ்கேலிங் பிளேயர் வாங்குங்க மேடம், டிவிடி அப்படியே எச்டி ஆயிடும்" என்றார்கள். வாங்கினார்கள். முதல் டிஸ்க் ஓடியது. இரண்டாவது டிஸ்க்கைப் போட்டால் 'நோ டிஸ்க்'.

அன்றைக்கு ராத்திரி பத்து மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டினார். "தம்பி, நீதானே எடுத்தே? உங்கிட்ட அந்த கேசட்டு இருக்குமாப்பா?"

இல்லை. அந்தக் காலத்தில் ஒரு டேப்பின் விலை எங்களுக்குப் பெரிய காசு. பார்ட்டி டிஸ்க்கை வாங்கிக்கொண்டு போன ஒரு வருடத்தில் அந்த டேப்பின் மேலேயே அடுத்த கல்யாணத்தை எடுத்துவிடுவோம். நான் மட்டுமல்ல, தொழிலில் பலரும் அப்படித்தான் செய்தோம். அந்த அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பார்க்கிறேன்மா" என்றுதான் சொன்னேன்.

அந்த டிஸ்க் என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், கடைக்காரர் சொன்ன "அப்படியே எச்டி ஆயிடும்" என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். நம்மில் பல பேர் இந்த ஒரு வார்த்தைக்குத்தான் காசு கொடுக்கிறோம்.

அப்ஸ்கேலிங் என்றால் என்ன?

டிவியில் தெரியும் படம் எல்லாமே புள்ளிகள்தான். நம் ஊர் முறையில் எடுத்த டிவிடியில் ஒரு படத்துக்கு 720 × 576 புள்ளிகள், கூட்டினால் 4,14,720. ஃபுல் எச்டி டிவியில் 1920 × 1080, அதாவது 20,73,600. கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக ஐந்து மடங்கு. 4கே டிவியில் 3840 × 2160, அதாவது 82,94,400. சரியாக இருபது மடங்கு.

இப்போது யோசியுங்கள். டிஸ்க்கில் இருப்பது ஒரு புள்ளி. ஃபுல் எச்டி டிவி கேட்பது ஐந்து. மீதி நான்கு புள்ளிகளை யாரோ அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து அனுமானமாகப் போட வேண்டும். 4கே டிவியில் இருபதுக்குப் பத்தொன்பது அனுமானம். இந்த அனுமான வேலைக்குப் பெயர்தான் அப்ஸ்கேலிங். அப்கன்வெர்ட்டிங் என்றும் போட்டிருப்பார்கள். இரண்டும் ஒன்றுதான்.

அதனால் இல்லாத விவரம் வராது. டிஸ்க்கில் மாமாவின் மீசை ஒரு கறுப்புக் கோடாக இருந்தால், எந்தப் பிளேயரும் அதை முடி முடியாகப் பிரித்துக் காட்டாது. நல்ல அப்ஸ்கேலிங் செய்வது, கோடு படிக்கட்டு மாதிரி உடையாமல் வழவழப்பாகத் தெரியவைப்பது. அவ்வளவுதான். அதுவும் பிரயோஜனமான வேலைதான், ஆனால் அது மாயாஜாலம் இல்லை.

இன்னொன்றைக் கடையில் யாரும் சொல்வதில்லை. உங்கள் டிவியே அப்ஸ்கேலிங் செய்யும். செய்துதான் ஆக வேண்டும், ஏனென்றால் எந்தப் படம் வந்தாலும் அதன் திரை முழுக்க நிரம்ப வேண்டுமே. சாதாரணச் சேனலைக் கேபிளில் பார்க்கும்போதும் அதுதான் நடக்கிறது. பிளேயர் 1080-க்கு ஏற்றி அனுப்பினாலும் 4கே டிவி அதை மறுபடி 2160-க்கு ஏற்றும். ஆக, கேள்வி "அப்ஸ்கேலிங் இருக்கிறதா?" என்பதில்லை. "பிளேயர் செய்வது நன்றாக இருக்கிறதா, டிவி செய்வது நன்றாக இருக்கிறதா?" என்பதுதான். இதை வீட்டிலேயே இரண்டு நிமிடத்தில் சோதிக்கலாம். பிளேயரின் மெனுவில் எச்டிஎம்ஐ ரெசல்யூஷன் என்று இருக்கும். ஒரு தடவை 576-ல் வைத்துப் பாருங்கள், பிறகு 1080-ல் வைத்துப் பாருங்கள். எது கண்ணுக்கு இதமோ அதை வைத்துக்கொள்ளுங்கள். டிவி நல்லதாகவும் பிளேயர் மலிவாகவும் இருந்தால் பல வீடுகளில் 576-தான் ஜெயிக்கும்.

அப்படியானால் புதுப் பிளேயரால் பலனே இல்லையா? இருக்கிறது. அந்தப் பலன் வயரில் இருக்கிறது.

மஞ்சள் வயரை விடுங்கள்

மஞ்சள் பின் வயரில் வெளிச்சமும் நிறமும் ஒன்றாகக் கலந்து போகின்றன. டிவி அதை மறுபடி பிரிக்கும்போது விளிம்புகளில் எறும்பு ஊர்வது போலப் புள்ளிகள் நகரும், சிவப்புப் புடவை நிறம் வழியும். பழைய 14 அங்குல டிவியில் அது தெரியவில்லை. 2006-ல் தொடங்கி அரசு கொடுத்த இலவசக் கலர் டிவியில் நாம் இதே டிஸ்க்கைப் போட்டு, "ஆகா, கண்ணாடி மாதிரி இருக்கு" என்று சொன்னோம். பொய்யில்லை. அந்தத் திரைக்கு அந்தப் படம் போதுமானதாக இருந்தது. 55 அங்குலத்தில் அதே குறை அத்தனையும் பூதக்கண்ணாடி வைத்தது போலத் தெரிகிறது.

எச்டிஎம்ஐ கேபிளில் டிஸ்க்கில் உள்ள எண்கள் எண்களாகவே டிவிக்குப் போகின்றன. அதனால் அப்ஸ்கேலிங் நன்றாக இருந்தாலும் சுமாராக இருந்தாலும், மஞ்சள் வயரிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாறினாலே படம் பளிச்சென்று ஆகிவிடும். கடையில் "அப்ஸ்கேலிங் பாருங்க சார்" என்று காட்டுவதில் பாதிக்கு மேல் இந்த வயர் மாற்றத்தின் பலன்தான்.

அந்தத் தீப்பெட்டிக் கன்வெர்ட்டர் விஷயமும் இதுதான். அதன் மேல் 1080 என்று எழுதியிருக்கும். ஆனால் அதற்குள் போவது ஏற்கெனவே கலந்துபோன மஞ்சள் வயர்ப் படம். வடிகட்டாத தண்ணீரை மினரல் வாட்டர் கேனில் பிடித்து வைத்தால் அது மினரல் வாட்டர் ஆகிவிடுமா? நம் ஏரியாவில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கேபிளில் பணத்தைக் கொட்டாதீர்கள். தங்க முலாம், நூல் சுற்றிய கேபிள் என்று ஆயிரக்கணக்கில் விலை சொல்வார்கள். டிவிடிக்கு ஒன்றரை மீட்டர் சாதாரண எச்டிஎம்ஐ கேபிள் போதும். அதில் படம் ஒழுங்காக வரும். கேபிள் கெட்டிருந்தால் படம் விட்டு விட்டு வரும், அல்லது வரவே வராது. விலை கூடிய கேபிளால் நிறம் கூடாது.

எதைப் பார்த்து வாங்குவது?

என்னைக் கேட்டால் நான்கு விஷயங்களை இந்த வரிசையில் பார்ப்பேன். அப்ஸ்கேலிங் கடைசி இடம்தான்.

முதல் விஷயம், பிளேயர் உங்கள் டிஸ்க்கைப் படிக்கிறதா? இதுதான் எல்லாவற்றுக்கும் மேல். சினிமா டிவிடி தொழிற்சாலையில் அச்சில் அழுத்திச் செய்தது. மோசர் பேயர் கம்பெனி 2007 வாக்கில் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றதே, ஞாபகம் இருக்கிறதா? அந்த டிஸ்க்குகள் அப்படி அழுத்தியவை. அவற்றை எந்தப் பிளேயரும் சுலபமாகப் படிக்கும். கல்யாண டிஸ்க் அப்படியில்லை. கம்ப்யூட்டரில் லேசர் ஒளியால் ஒரு சாயப் படலத்தைச் சுட்டு எழுதியது அது. வெயிலும் வெக்கையும் ஈரமும் பட்டால் அந்தச் சாயம் மங்கும். அதைப் படிக்கிற திறமை பிளேயருக்குப் பிளேயர் மாறும்.

ஆகவே கடைக்குப் போகும்போது கையில் உங்கள் கல்யாண டிஸ்க்கை எடுத்துப் போங்கள். கடைக்காரரின் டெமோ டிஸ்க் வேண்டாம். உங்கள் டிஸ்க்கைப் போட்டு, தொடக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். டிஸ்க் உள்வட்டத்திலிருந்து வெளிவட்டத்துக்குப் போகும். கைபட்டு, உரசி, கெட்டுப்போவது பெரும்பாலும் வெளிவட்டம். அதனால் கடைசிப் பத்து நிமிடத்துக்குத் தாவிப் பாருங்கள். அங்கே நின்று நின்று ஓடினால் அந்தப் பிளேயர் வேண்டாம்.

இரண்டாவது விஷயம், அசைவு. நாங்கள் எடுத்த வீடியோவில் ஒரு படம் முழுசாகப் பதிவாகாது. முதலில் 1, 3, 5 என்று ஒற்றைப்படைக் கோடுகள் பதிவாகும். ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் கழித்து 2, 4, 6 என்று இரட்டைப்படைக் கோடுகள். பழைய குழாய் டிவி அப்படியே வரைந்ததால் பிரச்சினை இல்லை. இன்றைய தட்டை டிவி இரண்டையும் சேர்த்து ஒரே படமாகக் காட்ட வேண்டும். அந்த இடைவெளியில் கை நகர்ந்திருந்தால் விளிம்பில் சீப்புப் பல் மாதிரி கோடுகள் தெரியும். இதைச் சரியாகச் சேர்ப்பதுதான் பிளேயரின் உண்மையான திறமை. சோதிப்பதும் சுலபம். தவில் வாசிப்பவரின் கையைப் பாருங்கள், அட்சதை போடும் கைகளைப் பாருங்கள். சீப்புப் பல் தெரியாமல் ஓடினால் நல்ல பிளேயர். புள்ளி எண்ணிக்கையை விட இது கண்ணுக்கு அதிகம் உறுத்தும்.

மூன்றாவது விஷயம், முகம். பழைய வீடியோ அநேகமாக 4:3, அதாவது சதுரத்துக்குப் பக்கத்தில் வரும் வடிவம். புது டிவி 16:9, நீளவாக்கு. படத்தை இழுத்து நிரப்பினால் ஒல்லியான மாப்பிள்ளையும் குண்டாகத் தெரிவார். பிளேயரின் மெனுவில் 4:3 படத்தை அதன் அளவிலேயே காட்டும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். சில டிவிகளில் 1080 சிக்னல் வரும்போது டிவி ரிமோட்டில் உள்ள 4:3 பொத்தான் வேலை செய்யாது. அப்போது பிளேயரிலேயே மாற்ற முடிய வேண்டும், இல்லாவிட்டால் 576-க்கு இறக்க வேண்டும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். வரட்டும். "டிவி முழுசா தெரியலியே" என்று வீட்டில் சொல்வார்கள். "ஆனா தாத்தா தாத்தா மாதிரி தெரியறாரே" என்று பதில் சொல்லுங்கள்.

நான்காவதுதான் அப்ஸ்கேலிங். எச்டிஎம்ஐ உள்ள பிளேயர் என்றால் இது அநேகமாகக் கூடவே வரும். இதற்கென்று தனியாக அதிகக் காசு கொடுக்க வேண்டாம்.

வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியவை

துறைமுகப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. கப்பல் வேலைக்குப் போனவர்கள் கொண்டுவந்த பிளேயரும் டிஸ்க்கும் நம் வீடுகளில் நிறைய உண்டு. டிவிடியில் ரீஜன் என்று ஒரு பூட்டு இருக்கிறது. இந்தியா 5, அமெரிக்கா 1, ஐரோப்பாவும் வளைகுடாவும் 2, சிங்கப்பூர் 3. சிங்கப்பூரில் வாங்கிய சினிமா டிஸ்க் இங்கே வாங்கிய பிளேயரில் ஓட மறுத்தால் அது பழுது இல்லை, இந்தப் பூட்டுதான் காரணம். கல்யாண டிஸ்க்குக்கு இந்தப் பூட்டு கிடையாது, பயப்பட வேண்டாம். அதே போல 'பால்', 'என்டிஎஸ்சி' என்ற இரண்டு முறைகளையும் பிளேயர் ஏற்கிறதா என்று கேளுங்கள். அமெரிக்காவில் நடந்த வளைகாப்பு வீடியோ என்டிஎஸ்சியில் இருக்கும்.

விசிடி ஓடுமா என்றும் கேளுங்கள். 2000-க்கு முன்னும் பின்னும் நடந்த பல விசேஷங்கள் விசிடியில்தான் இருக்கின்றன. அதில் 352 × 288 புள்ளிகள் மட்டும்தான், டிவிடியில் நான்கில் ஒரு பங்கு கூட இல்லை. அதை 55 அங்குலத்தில் பார்த்து மனம் நொந்துபோக வேண்டாம். சின்ன டிவியிலோ லேப்டாப்பிலோ பாருங்கள், கண்ணுக்கு நன்றாகவே இருக்கும்.

புதிதாக வாங்குவதற்கு முன், வீட்டில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ப்ளூ-ரே பிளேயர் இருந்தால் அது டிவிடியையும் படிக்கும், அப்ஸ்கேலும் செய்யும். பையன் விளையாடும் பிளேஸ்டேஷனில் டிஸ்க் போடும் வாய் இருந்தால் அதிலும் டிவிடி ஓடும், விசிடி மட்டும் ஓடாது. பழைய லேப்டாப்பில் டிவிடி டிரைவ் இருந்தால் அதை எச்டிஎம்ஐ கேபிளில் டிவியோடு இணைக்கலாம். யுஎஸ்பியில் மாட்டும் டிவிடி டிரைவும் கிடைக்கிறது. அதை டிவியில் நேராகச் செருகினால் வேலை செய்யாது, கம்ப்யூட்டரில்தான் செருக வேண்டும்.

வீட்டில் எதுவும் இல்லையென்றால் ரிச்சி தெருவிலோ பர்மா பஜாரிலோ தேடிப்பாருங்கள். டிவிடி பிளேயர் இப்போது எல்லா ஷோரூமிலும் கிடைப்பதில்லை. பழைய சரக்கு என்றால் பில்லும் வாரண்டியும் கேட்டு வாங்குங்கள். அங்கேயே டிஸ்க்கைப் போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

மாட்டிய பிறகு டிவியில் மூன்று மாற்றம் செய்யுங்கள். பிக்சர் மோடை 'விவிட்'டிலிருந்து 'சினிமா'வுக்கோ 'ஸ்டாண்டர்ட்'டுக்கோ மாற்றுங்கள். ஷார்ப்னஸைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள், முகத்தைச் சுற்றி வரும் வெள்ளைக் கோடு போய்விடும். சோபாவைக் கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள். கடைசியாகச் சொன்னதற்குச் செலவே இல்லை, பலன் மட்டும் அதிகம்.

டிஸ்க்கின் ஆயுள்

இப்போது என் குற்ற ஒப்புதல். ஒரு மணி நேர வீடியோவுக்கு ஒரு டிவிடி என்று போட்டால் படம் அருமையாக இருக்கும். ஒரு டிஸ்க்கின் கொள்ளளவு 4.7 ஜிபி. ஆனால் பார்ட்டி ஆறு மணி நேர வீடியோ கேட்பார், இரண்டு டிஸ்க்குக்கு மேல் காசு தரமாட்டார். மூன்று மணி நேரத்தை ஒரே டிஸ்க்கில் திணிப்போம். அசையும் இடமெல்லாம் கட்டம் கட்டமாக உடைவது அதனால்தான். எந்த அப்ஸ்கேலிங்காலும் அந்தக் கட்டத்தை முழுக்க அழிக்க முடியாது. அழகுக்காக மாப்பிள்ளை பெண் போட்டோவைத் தாளில் அச்சடித்து டிஸ்க் மேல் ஒட்டினோம். அந்தப் பசையும் தாளும் ஈரத்தை இழுக்கும், டிஸ்க்கின் சமநிலையையும் கெடுக்கும். மலிவு டிஸ்க்கை மொத்தமாக வாங்கி, சீக்கிரம் முடிய வேண்டும் என்று அதிக வேகத்தில் எழுதினோம். அப்போது அது தப்பென்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் முகூர்த்த மாதத்தில் நேரம் இருந்திருக்காது.

அதோடு நாம் இருக்கும் இடம். உப்புக் காற்றில் ஜன்னல் கம்பி என்ன ஆகிறது என்று பார்க்கிறீர்கள். 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் நிலக்கரியும் இரும்புத் தாதும் சென்னைத் துறைமுகத்திலிருந்து எண்ணூருக்குப் போகும் வரை ராயபுரத்தில் வீட்டுத் தரையைத் துடைத்தால் துணி கறுத்துப்போகும். அந்தத் தூசியைச் சாப்பிட்ட பிளேயர்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. 'நோ டிஸ்க்' என்று வந்தால் டிஸ்க்தான் கெட்டுவிட்டது என்று உடனே முடிவு செய்யாதீர்கள். பல சமயம் பிளேயரின் லென்ஸில் படிந்த தூசிதான் காரணமாக இருக்கும்.

டிஸ்க்கைத் துடைப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. மெல்லிய பருத்தித் துணியால், நடுவிலிருந்து வெளிவிளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்காதீர்கள். வட்டக் கீறல் விழுந்தால் லேசர் அந்தக் கீறலோடேயே ஓடித் தடுமாறும். ஒட்டிய தாளைப் பிய்க்கவே பிய்க்காதீர்கள், டிஸ்க் பாழாகலாம்.

எல்லாவற்றையும் விட முக்கியம், நகல் எடுங்கள். கல்யாண டிஸ்க்குக்குப் பூட்டு இல்லாததால் இது சுலபம். டிரைவில் போட்டுத் திறந்தால் 'வீடியோ_டிஎஸ்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதை அப்படியே முழுசாக ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். விஎல்சி என்ற இலவசப் பிளேயரில் அது ஓடும். நடுவில் காப்பி நின்றால், கெட்ட இடத்தைத் தாண்டிவிட்டு மீதியை எடுக்கும் இலவச மென்பொருள்கள் உண்டு. வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்திருக்கிறேன் என்று இருந்துவிடாதீர்கள், அது படத்தை மேலும் நசுக்கிவிடும். "எச்டியாக மாற்றித் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் அசல் ஃபைலை அழிக்காதீர்கள். பத்து வருடம் கழித்து வரும் டிவி இன்றையதை விட நன்றாக அப்ஸ்கேல் செய்யும். அதற்குக் கொடுக்க உங்களிடம் அசல் இருக்க வேண்டும். ஒரு நகல் உங்கள் வீட்டில், இன்னொன்று வேறு ஊரில் இருக்கும் பிள்ளையிடம் இருக்கட்டும்.

அந்த இரண்டாவது டிஸ்க்

அந்த அம்மாவின் டிஸ்க்கை என் கம்ப்யூட்டரில் போட்டேன், எடுக்கவில்லை. என் தங்கை மகனின் லேப்டாப்பிலும் எடுக்கவில்லை. மூன்றாவதாக எங்கே படித்தது தெரியுமா? நம் வாட்ச்மேன் அறையில், காயலான் கடைக்குப் போடுவதற்காக யாரோ வைத்துவிட்டுப் போன ஒரு பழைய பிளேயரில். எச்டிஎம்ஐ கிடையாது, அப்ஸ்கேலிங் கிடையாது, மூடியில் சுண்ணாம்புக் கறை. அது அந்த டிஸ்க்கைப் படித்தது. படிக்கிறது என்று தெரிந்ததும் எனக்கு நம்பிக்கை வந்தது. ஒரு நண்பரிடம் யுஎஸ்பி டிரைவ் கடன் வாங்கி, ஒரு ராத்திரி முழுக்க ஓடவிட்டு நகல் எடுத்தேன். சாப்பாட்டுப் பந்தியில் நான்கு நிமிடம் போய்விட்டது. மீதி எல்லாம் வந்தது.

மறுநாள் அவர் வீட்டு 55 அங்குல டிவியில் போட்டோம். படம் சுமார்தான். கட்டம் கட்டமாக உடைந்தது. மண்டப வாசலில் நின்று அவர் கணவர் சமையல்காரரைப் பார்த்து, "இன்னாப்பா, மாப்ள வீட்டு ஆளுங்கோ வந்துட்டாங்கோ, டிபன் ரெடியா?" என்று சத்தம் போடுகிற இடம் வந்தது. பத்து விநாடி இருக்கும். அதை எடுத்தது கூட எனக்கு ஞாபகமில்லை. கேமரா சும்மா ஓடிக்கொண்டிருந்த இடம் அது. அந்த அம்மா ரிமோட்டைக் கையில் வாங்கி மூன்று தடவை பின்னால் ஓட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "படம் எப்டி இருந்தா என்னா தம்பி, கொரலு தெளிவா இருக்கு."

அன்றைக்குத்தான் இந்த உரையைப் பேச வேண்டும் என்று நினைத்தேன். நாம் பிளேயர் வாங்கும்போது 1080 இருக்கிறதா, 4கே இருக்கிறதா என்று கேட்கிறோம். டிஸ்க் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று கேட்பதில்லை.

சங்கத்துக்கு ஒரு கோரிக்கை

அடுத்த மாதம் நம் வளாகத்தில் பழைய எலக்ட்ரானிக் பொருள் சேகரிப்பு நடக்கப்போகிறது. நல்ல காரியம், எல்லோரும் ஒத்துழைக்க வேண்டும். ஆனால் டிவிடி பிளேயரைப் போடுவதற்கு முன் வீட்டில் இருக்கிற டிஸ்க் ஒவ்வொன்றையும் அதில் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். நகல் எடுத்து முடித்த பிறகு பிளேயரைப் போடுங்கள்.

அதற்கு உதவியாக, போடப்போகிற பிளேயர்களில் நன்றாக ஓடும் இரண்டைச் சங்க அறையில் வைத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. ஒரு யுஎஸ்பி டிரைவ் மட்டும் வாங்க வேண்டும். வாட்டர் டேங்க் கழுவும் செலவை விடக் குறைவாகத்தான் ஆகும். பொருளாளர் இப்போதே கால்குலேட்டரை எடுக்கிறார். சரி சார், அந்த டிரைவை நானே வாங்கித் தருகிறேன். நான் சுட்ட டிஸ்க்குகளுக்கு அது என் பிராயச்சித்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை சங்க அறையில் இருப்பேன். டிஸ்க்கை உறையோடு கொண்டு வாருங்கள், ஒரு ஹார்ட் டிஸ்க்கோ பென் டிரைவோ கொண்டு வாருங்கள். உங்கள் வீட்டு வீடியோவை நான் உட்கார்ந்து பார்க்கமாட்டேன், அந்தக் கவலை வேண்டாம். எடுத்த காலத்திலேயே எல்லாக் கல்யாணத்தையும் எடிட்டிங்கில் நான்கு தடவை பார்த்தாகிவிட்டது. சினிமா டிஸ்க்கைக் கொண்டு வராதீர்கள். பூட்டுப் போட்ட படத்தை உடைத்து நகல் எடுப்பது சட்டப்படி தப்பு, அது நம் வேலையும் இல்லை.

கம்ப்யூட்டர் தெரிந்த இளைஞர்கள் இரண்டு பேர் உதவிக்கு வந்தால் வேலை சீக்கிரம் முடியும். கடைசி வரிசையில் சிரித்த தம்பியைத்தான் முதலில் கேட்கிறேன். உங்கள் அம்மா அப்பா கல்யாணமும் நான் எடுத்ததுதான், தம்பி. வந்து பாருங்கள், உங்கள் அப்பாவுக்கு அப்போது எவ்வளவு முடி இருந்தது என்று தெரியும்.

 சுண்டல் ஆறிக்கொண்டிருக்கிறது.